பாட்டிக்குக் கேட்காத பேச்சு



சென்ற கோடையில் நம் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. அதுவரை நம்மிடம் இருந்தவை ஒரு ரிசீவரும், தொலைக்காட்சியின் இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர்களும், மூலையில் ஒரு சப்வூஃபருமே. மூத்த மகன் தன் சேமிப்பிலிருந்து மேலும் நான்கு ஸ்பீக்கர்கள் வாங்கி, இதனை முழுமையான ஹோம் தியேட்டராக்க விரும்பினான். கடையில் அவனை நடுநாயகமாக உட்கார வைத்து, தலைக்குமேல் ஹெலிகாப்டர் பறக்கும் காட்சியைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த மயக்கம் தெளியாமலேயே வீடு திரும்பியிருந்தான்.

வழக்கில் தீர்ப்புச் சொன்னவர், எண்பதைக் கடந்த நம் அன்னையார். "இடியும் வெடியும் நன்றாகத்தான் கேட்கிறது, தம்பி. பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை" என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஸ்பீக்கர்களைக் கூட்டுவதற்கு முன் நம் வீட்டில் எது கேட்கவில்லை என்று கண்டறிய வேண்டாமா? நாம் கற்ற பாடத்தை, இத்தகைய செலவை எண்ணியிருக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

திரையரங்குகளில் நடிகரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று கவனித்ததுண்டா? திரையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் உள்ளன. அதன் பின்னே நடுவில் நிற்கும் ஸ்பீக்கரே பெரும்பாலும் பேச்சைச் சுமக்கிறது. 1992ஆம் ஆண்டில் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு அரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையிலும் இதுவே ஏற்பாடு. முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று; இதனையே 5.1 என்கிறோம். இந்த ஆறில் நடுவழியை எடுத்துவிட்டால் கதையின் நாவையே அறுத்தது போலாகும்.

இதனை அறிந்த பின் நம் ரிசீவரின் அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நம்மிடம் இல்லாத நடு ஸ்பீக்கர் 'உண்டு' என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே 5.1 முறையில் பதிவான படங்களின் பேச்சையெல்லாம், எவரும் இல்லாத வாயிலுக்கு அது நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தது! 'இல்லை' என்று மாற்றியதும், அப்பேச்சு இடவல ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு காசு செலவின்றிப் பாதிக் குறை நீங்கிற்று. எதையும் வாங்குமுன் இதனைச் சோதிக்குமாறு வேண்டுகிறோம்.

மீதிப் பாதி ஏன் நீங்கவில்லை? அன்னையார் அமர்வது அறையின் இடப்பக்கத்து நாற்காலியில். இடது ஸ்பீக்கர் அவருக்கு 4 அடியிலும், வலது ஸ்பீக்கர் 10 அடியிலும் உள்ளன. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. எனவே இடப்பக்கத்து ஒலி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு முந்தி வந்துவிடுகிறது. முந்தி வரும் ஒலியின் திசையையே காது நம்பும். நடுவில் அமர்ந்தவருக்கு நடிகரின் வாயிலிருந்து வரும் பேச்சு, ஓரத்தில் அமர்ந்தவருக்குச் சுவரோரப் பெட்டியிலிருந்து வருகிறது. இரு ஒலிகளும் முன்பின்னாகக் கலந்து தெளிவும் குன்றுகிறது. மேலும், முதுமையில் முதலில் மங்குவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் உள்ளது. அதனால்தான் முதியோர், "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவர்களை ஒருமுறை காட்டுவது எந்த ஸ்பீக்கரையும்விட முந்திய கடமை; அதனையும் செய்தோம்.

ஆகவே நான்கு ஸ்பீக்கர்களுக்கு முன்பாக ஒரே ஒரு நடு ஸ்பீக்கர் வாங்குவதென முடிவாயிற்று. அதனைத் தேர்ந்தெடுக்கையில் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, முன்னுள்ள மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நலம். இல்லையேல் பாத்திரம் திரையில் இடமிருந்து வலம் நடக்கையில் அவர் குரலே மாறிப்போகும். பழைய வரிசை கிடைக்காவிடில், நம் ஸ்பீக்கர் ஒன்றைக் கடைக்கே எடுத்துச் சென்று ஒப்பிட்டுக் கேட்கலாம். அங்கே வெடிச் சத்தத்தைப் போட்டுக் கேளாதீர்கள். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். பழகிய மனிதக் குரலில் பொய் எளிதில் வெளிப்படும்.

இரண்டாவது, வாட் கணக்கு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை நம்ப வேண்டா, ஆர்.எம்.எஸ். எண்ணையே கேளுங்கள். ஆற்றலை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் அளவு, ரிசீவரின் பின்புறம் குறித்துள்ள வரம்புக்குக் குறையாதிருக்கட்டும். குறைந்தால் ரிசீவர் சூடேறிப் பழுதாகக்கூடும்.

மூன்றாவது, வைக்கும் இடம். தொலைக்காட்சிக்கு நேர் கீழே, அலமாரியின் உட்புறத்தில் புதையாமல் விளிம்பை ஒட்டி, அமர்ந்தவர் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வையுங்கள். கம்பிகளைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என இணையுங்கள். ஒன்று மாறினாலும் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்.

பின்னர் மகனின் விருப்பத்துக்கு வந்தோம். தரையில் ஒரு கடிகாரம் வரைந்து, அதன் நடுவே நாம் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். தொலைக்காட்சி 12 மணியில். முன் ஸ்பீக்கர்கள் 11இலும் 1இலும். பக்க ஸ்பீக்கர்களின் இடம் 4 மணிக்குச் சற்று முன்னும் 8 மணிக்குச் சற்றுப் பின்னுமாகும். காதளவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். இவ்விரண்டையும் மகிழ்வோடு வாங்கினோம். எஞ்சிய இரண்டும் பின்புறத்துக்கு உரியவை; அவற்றின் இடம் 5 மணியும் 7 மணியும். நம் சோபாவோ பின்சுவரை ஒட்டிக் கிடப்பது. அங்கே ஸ்பீக்கர் வைப்பதானால் அடுத்த வீட்டுச் சமையலறையில்தான் வைக்க வேண்டும்! மகனே சிரித்து அவ்விரண்டையும் கைவிட்டான். மேற்கூரையில் ஒலியை மோதவிட்டுத் திருப்பும் வகைக்குச் சமதளக் கூரை வேண்டும். ஓட்டு வீட்டுச் சரிவுக் கூரைக்கு அது ஏலாது.

அடுத்த வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சப்வூஃபரின் முழக்கம் சுவரைத் தாண்டிச் செல்வது. மூலையில் வைத்தால் அது மிகும். நாம் அதனை மூலையிலிருந்து நகர்த்தி அளவையும் குறைத்தோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. சட்டம் இருக்கட்டும், சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், உறக்கம் வராத நோயாளியும் இருக்கக்கூடும் அல்லவா? நம் பிள்ளைகளின் காதும் கருதத்தக்கதே. சிறுவர்களுக்கு 75 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி ஏற ஏற, அந்த நேரமும் விரைந்து சுருங்கும்.

நடு ஸ்பீக்கரைப் பொருத்திய மாலையில், அன்னையார் தம் வழக்கமான நாற்காலியிலேயே அமர்ந்து ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்த்தார். முன்பெல்லாம் நாம் சிரித்த பிறகு, "என்ன சொன்னான்?" என்று கேட்பார், நாம் விளக்குவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். நாளடைவில் கேட்பதையும் நிறுத்தியிருந்தார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அன்று மாலை நம்மோடு சேர்ந்தே சிரித்தார்.

வாசகர்களே, ஒரு வீட்டில் எத்தனை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன என்பது பெருமையன்று. ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கும் பேச்சுக் கேட்கிறதா என்பதே கேள்வி. கடைக்குப் புறப்படுமுன் அந்த நாற்காலியில் ஒருமுறை நீங்களே அமர்ந்து பாருங்கள்.