டங்ஸ்டன் வேண்டாம் என்றவர்கள் அறிவியல் தெரியாதவர்களா?

மேலூர் டங்ஸ்டன் திட்டம் ரத்தான பிறகும் ஒரு கேலி ஓயவில்லை. "டங்ஸ்டன் இல்லாமல் எக்ஸ்ரே எடுப்பீர்களா? போர் போடுவீர்களா? படிக்காத சனம் வளர்ச்சியைக் கெடுத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பாடம். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்பு 1,538-லேயே உருகிவிடும். உலோகங்களில் இதைவிடச் சூடு தாங்குவது வேறொன்று இல்லை. அதனால்தான் குண்டு பல்புக்குள் இழையாக எரிந்தது. எக்ஸ்ரே குழாயில் எலக்ட்ரான்கள் வந்து மோதும் இலக்கும் அதுவே. ஆர்கான் வெல்டிங் ஊசியும் அதுவே. இந்தியாவும் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலையில், கடும் சூடு வந்து விழும் அடிப்பகுதிக்கு இதைத்தான் போடுகிறார்கள். கார்பனோடு சேர்த்தால் டங்ஸ்டன் கார்பைடு; பாறையே துளைபடும். ராணுவத்துக்கும் வேண்டும். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருக்கிறது. ஆக, தேவையை யாரும் மறுக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வாருங்கள். உலகின் பெரும்பாலான டங்ஸ்டன் சுரங்கங்களில், பாறையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இந்த உலோகம் இருக்காது. 1,000 கிலோ பாறையை மாவாக அரைத்தால் 10 கிலோகூடத் தேறாது. மிச்சம் 990 கிலோ தூளை எங்கே கொட்டுவது? கண்மாயிலா, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலிலா? நாயக்கர்பட்டி பிளாக் 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் லகர் வல்லூறும் இருக்கிற, 2022-ல் அரசே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டது அதற்குப் பிறகுதான். முன்னாலேயே கேட்டிருந்தால் சட்டமன்றத் தீர்மானமும் வேண்டாம், 2025 ஜனவரி 7-ல் அத்தனை சனம் தல்லாகுளம் வரை வந்திருக்கவும் வேண்டாம். அந்த மாதம் 23-ம் தேதியே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்தச் சனத்தையா படிக்காதது என்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். மேலூர்க்காரனுக்கு டங்ஸ்டன் புதிதில்லை. கிரானைட் குவாரிகளில் எங்கள் குன்றுகளைத் துளைத்த கம்பிகளின் முனையில் இருந்ததே டங்ஸ்டன் கார்பைடுதான். அந்தக் கொள்ளையை விசாரிக்க 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயத்தை அனுப்ப வேண்டியிருந்தது. குழியாகக் கிடக்கும் மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், அடுத்த மலையைத் தொடாதே என்றால் அது அறியாமையா?

டங்ஸ்டன் வேண்டுமென்றால் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். உலகில் புழங்கும் டங்ஸ்டனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பழைய சாமான்களை உருமாற்றி எடுத்ததுதான். நம் ஊரில் எத்தனை போர் வண்டி, எத்தனை லேத் பட்டறை! தேய்ந்த பிட்டுகளில் இருக்கும் கார்பைடு குமிழ்களை ஊர் ஊராகச் சேகரிக்க அரசு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறதா? என்னைக் கேலி செய்கிறவர்கள் அந்தக் கேள்வியை டெல்லிக்கு ஒரு கடிதமாக எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.