நடிகருக்கு வேண்டியது வேலைநாள்

ஈழத்தமிழரைப் பற்றிய படமொன்று வெளிநாட்டு விழாவில் பரிசு பெற்றால் நமது பத்திரிகைகள் ஒரு வாரம் கொண்டாடுகின்றன. நடித்தவரின் முகம் முதற்பக்கத்தில் வருகிறது, ஊர்ப்பெயரும் கூடவே வருகிறது. அடுத்த மாதம் அந்த மனிதர் என்ன வேலை செய்து வீட்டு வாடகை கட்டுகிறார் என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. தனிப்பட்ட முயற்சியாக எடுக்கப்படும் படங்கள் ஒரு நடிகருக்கு முகவரி தரும், சில வேளை உலகப்புகழும் தரும். சோறு போடாது. சோறு போடுவது மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நாளாவது தொடர்ந்து கிடைக்கும் வேலை. இலங்கைத் தமிழ் நடிகருக்கு இல்லாமற்போனது அந்த வேலைதான். அதைத் தரக்கூடியது சினிமாவை விடத் தொலைக்காட்சி என்பதை நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2015 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' நாம் அதிகம் பெருமைப்பட்ட படம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்தது. நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்து பாரிஸில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவர் நடிப்பை நம்பி வாழ்ந்தவரல்ல. 'கொரில்லா' நாவலை எழுதியபின்தான் கமரா அவரைத் தேடி வந்தது. அவருக்கு இணையாக யாழினி என்ற ஈழத்துப் பெண்ணாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர், திறமையானவர். 2024இல் வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்ட 'லிட்டில் ஜஃப்னா'வை எடுத்த லோரன்ஸ் வலன் பிரான்ஸில் வளர்ந்த தமிழர். அதிலும் மூத்த பாத்திரங்களுக்கு ராதிகா சரத்குமாரும் வேல ராமமூர்த்தியும் சென்னையிலிருந்து போனார்கள். 2012இல் பிரசன்ன விதானகே எடுத்த 'உன்னோடும் நீயின்றியும்' படத்தில் வடக்கிலிருந்து மலைநாட்டுக்கு வந்த தமிழ்ப்பெண் வேடத்தை அஞ்சலி பாட்டீல் ஏற்றார். அவருக்குக் கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பெரிய படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் நந்திதா தாஸ், 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும்.

இந்த நடிகர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர்க்காரராகவும் நடிப்பதுதான் நடிகரின் தொழில். நான் இயக்குநர்களையும் குற்றம் சாட்ட மாட்டேன். யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ முப்பத்தைந்து வயதுடைய, கமரா முன்னால் ஐந்நூறு நாள் நின்று பழகிய ஒரு நடிகை வேண்டும் என்று ஓர் இயக்குநர் கேட்டால், நாம் யாரைக் காட்டுவோம்? திறமை நிறைய உண்டு. அந்த ஐந்நூறு நாள்தான் இல்லை. தீபா மேத்தாவின் 'ஃபனி போய்' 2020இல் வந்தபோது, தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதவர்கள் ஏற்றதையும், தமிழ் உரையாடல் காதில் ஒட்டாததையும் புலம்பெயர் தமிழர் கடுமையாகக் கண்டித்தார்கள். வசனங்களுக்கு மறுபடி குரல் கொடுக்க வேண்டி வந்தது. கண்டனம் நியாயமானது. ஆனால் கொழும்பில் எடுக்கப்பட்ட படம் அது. அந்த நகரத்தில் தமிழில் நடித்து வாழ்பவர்கள் ஐம்பது பேர் இருந்திருந்தால், அந்தத் தவறைச் செய்வதே ஒரு தயாரிப்பாளருக்குக் கடினமாக இருந்திருக்கும்.

எப்போதுமே இப்படி இருந்ததா என்றால், இல்லை. இலங்கையின் முதல் தமிழ்ப்படமான 'சமுதாயம்' 1962இல் வந்தது, அடுத்த ஆண்டே 'தோட்டக்காரி'. எழுபதுகளின் பிற்பாதியில்தான் படங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1978ஆம் ஆண்டில் மட்டும் ஐந்துக்கு மேல். அந்த வேகம் வானத்திலிருந்து விழவில்லை. இலங்கை வானொலி ஒவ்வொரு வாரமும் நாடகம் ஒலிபரப்பியது, நடித்தவர்களுக்குக் காசு கொடுத்தது. 1976இல் வந்த 'கோமாளிகள்' எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலித் தொடரின் திரைவடிவம். ராம்தாஸ், ரி. ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீத் எல்லோரும் ரசிகர்களுக்குக் காதால் ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஒலிவாங்கி முன் வருடக்கணக்காகப் பழகியதால் அவர்களுக்கு வசனம் எப்போது விழ வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த ஒழுங்கான சிறு சம்பளம் ஒரு சினிமாவையே தாங்கியது. அப்போதுகூடக் கதாநாயகனாக மட்டும் இருந்து வாழ முடியவில்லை என்பது வேறு கதை. 'புதிய காற்று', 'நான் உங்கள் தோழன்' படங்களின் நாயகன் வி. பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவர், தானே தயாரிப்பாளர்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் அந்த அடித்தளத்தையும் எரித்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். நடிகர்கள் சிதறிப்போனார்கள். 'கடமையின் எல்லை'யில் நடித்த, 'நிர்மலா'வைத் தயாரித்த ஏ. ரகுநாதன் பாரிஸுக்குப் போனார். அங்கும் விடாமல் குறும்படங்களில் நடித்தார். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவருக்கு வந்த அஞ்சலிகளில் பாதி, இவர் இன்னும் நிறையச் செய்திருக்க வேண்டியவர் என்றுதான் சொல்லின.

போர் முடிந்தபின் எல்லாம் திரும்பும் என்று நம்பினோம். படங்கள் வரத்தான் செய்தன. அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'இனி அவன்' 2012இல் கான் வரை போனது. அதன் நாயகன் தர்ஷன் தர்மராஜின் வாழ்க்கையே என் வாதத்துக்கு நல்ல சான்று. இரக்குவானையில் பிறந்தவர். 'ஏ9' என்ற சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் அறிமுகமானார், 2008இல் 'பிரபாகரன்' என்ற சிங்களப் படத்தில் நடித்தார், தொடர்ந்து சிங்களத் திரையிலேயே வேலை செய்தார். நிரஞ்சனி சண்முகராஜாவும் அப்படித்தான், இரு மொழியிலும் கால் வைத்துத்தான் நிலைக்க முடிந்தது. 2018இல் கிங் ரட்ணம் எடுத்த 'கோமாளி கிங்ஸ்' தியேட்டருக்கு வந்தபோது இருவரும் அதில் இருந்தார்கள். தர்ஷன் 2022 ஒக்டோபரில் 41 வயதில் இறந்துவிட்டார். அவரை நடிகராக வளர்த்தது சிங்களத் தொலைக்காட்சி. தமிழ்ப்படம் அந்த வளர்ச்சியைச் சில தடவை பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். மகேந்திர பெரேரா, ஷியாம் பெர்னாண்டோ போன்ற சிங்கள நடிகர்களைப் பாருங்கள். நல்ல கதையுள்ள சிறு படத்துக்குக் குறைந்த சம்பளத்தில் வந்து நிற்க அவர்களால் முடிகிறது. நாடகமேடையும் ரெலிநாடகமும் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வதால் வரும் சுதந்திரம் அது.

நமது பக்கத்தில் ரெலிநாடகம் எங்கே? ரூபவாஹினி 1982இல் தொடங்கியது, சக்தி 1998இல் வந்தது, அரசின் வசந்தம் 2009இல் வந்தது. அலைவரிசைக்குக் குறைவில்லை. ஆனால் இரவு உணவு நேரத்தில் தமிழ் வீடுகளில் ஓடுவது சென்னைத் தொடர்கள். தயாரித்து முடித்த தொடரை வாங்கிப் போடுவது மலிவு, இங்கே ஒன்றை எடுப்பது செலவு. தொலைக்காட்சி நிலையத்தின் கணக்காளர் வேறு எந்த முடிவை எடுப்பார்?

திருகோணமலைக்கு அருகிலுள்ள சீனன்குடாவிலிருந்து பார்த்தால் இந்த நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். பிறீமா மாவு ஆலையிலோ சீமெந்துத் தொழிற்சாலையிலோ எண்ணெய்க் குதங்களிலோ வேலை செய்யும் ஓர் இளைஞருக்குச் சிப்ட் உண்டு, ஓவர்ரைம் உண்டு, ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவரோடு படித்து, மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்று பட்டம் பெற்று வரும் ஒருவருக்கு என்ன உண்டு? ஒரு ஒடிஷனுக்குப் போவதென்றால் சீனன்குடா நிலையத்தில் இரவு மெயில் ரயில் ஏற வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்தபடியே கொழும்பு கோட்டைக்குப் போய், முகம் கழுவி, பத்து மணிக்குக் கமரா முன் நிற்க வேண்டும். வேடம் கிடைத்தாலும் இரண்டு நாள் வேலை. ரயில் காசும் தங்குமிடமும் போக மிஞ்சுவது சாப்பாடு. மூன்று தடவை போய்வந்தபின் அவர் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கிறார். அதில் எந்தப் பிழையும் இல்லை, நாடக ஆசிரியர்களும் நமக்கு வேண்டும். ஆனால் நடிகர் ஒருவரை இழந்துவிட்டோம். திருகோணமலையில் வளர்ந்த லொஸ்லியா மரியநேசன் திரைக்குப் போன வழியையும் எண்ணிப் பார்க்கலாம். கொழும்பில் சக்தி ரி.வி.யின் செய்தி வாசிப்பு, 2019இல் சென்னையில் 'பிக் பாஸ்' வீடு, அதன் பிறகே 'ஃபிரண்ட்ஷிப்' படம். கெட்டிக்காரி, கிடைத்த கதவைத் திறந்தார். அந்தப் பாதையில் நடிப்பு என்ற படி எங்கும் இல்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

சந்தை சிறியது, இங்கே தமிழ்த் தொடர் எடுத்தால் யார் பார்ப்பார் என்று கேட்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூவரையும் சேர்த்தால் நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஐம்பது இலட்சம் பேர். வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழி பேசுவோர் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், எல்லோருக்கும் ஆங்கிலமும் தெரியும், பக்கத்தில் பி.பி.சி.யின் பெருங்கடல். ஆனாலும் 1982இல், நமது ரூபவாஹினி தொடங்கிய அதே ஆண்டில், எஸ்4சி என்ற வெல்ஷ் அலைவரிசை பொதுப்பணத்தில் தொடங்கியது. 1974இல் ஆரம்பமான 'பொபொல் அ கும்' என்ற வெல்ஷ் தொடர் அதில் இன்றும் ஓடுகிறது. ஒரு சின்னப் பள்ளத்தாக்குக் கிராமத்தின் கதை. அதை நம்பி நடிகர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஹொலிவூட் வரை போன யோவன் கிரிஃபித் சிறுவனாக அதில்தான் பழகினார். சந்தை தானாக அதைச் செய்யவில்லை. எவ்வளவு சிறிய மொழிக்கும் தினம் ஒரு கதை வேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்தது.

இன்னொரு மறுப்பு கலை நண்பர்களிடமிருந்து வரும். சீரியல் நடிப்பைக் கெடுக்கும், கண்ணைக் கசக்கி மூன்று தடவை திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தரும், நல்ல சினிமாவுக்கு அது விஷம் என்பார்கள். மோசமான சீரியல் அப்படித்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பி, கூத்துப்பட்டறை நாடகக்குழுவில் கணக்காளராக இருந்து நடிகர்களைப் பார்த்துப் பழகி, 2006இல் சன் ரி.வி.யின் 'பெண்' தொடரில் சிறு வேடம் ஏற்று, குறும்படங்களில் நடித்து, 2010இல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்'றில் நாயகனானார். சீரியல் அவரைக் கெடுக்கவில்லை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை ஓட்டச் சிறுசிறு வேலைகள் சென்னையில் இருந்தன. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற ஓரிடமும் இருந்தது. திருகோணமலையில் அப்படியொரு மனிதர் இருந்தால் அவருடைய நான்காம் ஆண்டை யார் தாங்குவது?

யூரியூப் இருக்கிறதே, இனி அலைவரிசை எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதும் காதில் விழுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் கைபேசியோடும் வாடகைக் கமராவோடும் குறும்படம் எடுப்பவர்களின் உழைப்பு பெரியது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா அவர்களுக்கு ஒரு திரையும் கொடுத்தது. ஆனால் அந்தப் படங்களில் கமராவுக்கு வாடகை உண்டு, எடிட்டிங்குக்கு விலை உண்டு, சாப்பாட்டுப் பார்சலுக்குக் காசு உண்டு, நடித்தவருக்கு நன்றி உண்டு. நட்புக்காக நடிப்பது என்ற வழக்கம் முதல் படத்துக்குச் சரி. ஆறாவது படத்திலும் அதுவே தொடர்ந்தால் அது தொழிலாகாது. அந்தச் செலவுப் பட்டியலில் நடிகருக்கும் ஒரு வரி வேண்டும், தொகை சிறியதாக இருந்தாலும்.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகளல்ல. வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்கள், படங்கள், விளம்பரங்கள் மீது 2006ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் ஏற்கெனவே வரி விதிக்கப்பட்டுள்ளது. தமிழ்த் தொடர்களால் வரும் வரியை இங்கே தமிழ் நாடகம் தயாரிக்கவே செலவிட வேண்டும் என்று ஒதுக்குவதற்குப் புதுப் பணம் தேவையில்லை. பாராளுமன்றத்தில் உள்ள நமது உறுப்பினர்கள் கேட்டால் போதும். ரூபவாஹினியின் தமிழ் அலைவரிசையான நேத்ராவும், வசந்தமும் ஆண்டு முழுக்க ஓடும் ஒரே ஒரு தொடரையாவது கொழும்புக்கு வெளியே எடுக்க வேண்டும். திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள், கதைக்குப் பஞ்சமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், கல்லடியில் நடிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் நாட்சம்பளம், சேமலாப நிதி, பத்து மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு இல்லை என்ற மூன்றையும் எழுதலாம். வெளிநாட்டுப் படக்குழு இங்கே வந்து தமிழ்க் கதை எடுக்க அனுமதி கேட்கும்போது, உள்ளூரில் ஒடிஷன் நடத்துவதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். இங்குள்ளவரைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அது கலைக்குக் கேடு, பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லும் உரிமை இயக்குநருக்கு உண்டு. ஆனால் பார்க்கட்டும், அந்த ஒடிஷன் ஒரு தடவையாவது இரவு மெயில் ஏறாமல் போகக்கூடிய இடத்தில் நடக்கட்டும்.