துவைக்கிறவரைக் கேட்டீர்களா?



புதிய சலவை இயந்திரம் வாங்கக் கடைக்கு வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? விலையையும் தவணையையும் நட்சத்திரக் குறியீட்டையும் குடும்பத் தலைவர் விசாரிக்கிறார். அனுதினமும் துணி துவைக்கிற தாயோ ஓரமாய் நிற்கிறார்.

அவரையே முதலில் கேட்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் குறைந்த தண்ணீரில் துவைக்கும். ஆனால் துணியை இடவும் எடுக்கவும் குனிய வேண்டும். மேற்பக்கம் திறப்பது தண்ணீரை அதிகம் செலவிடும். முதுகுவலி உள்ளவருக்கோ அதுவே ஏற்றது. உலர்த்தும் இயந்திரத்திற்கு மின்சாரம் மிகுதியாய்ச் செலவாகும். வெயிலடிக்கும் மொட்டைமாடி இருக்க அது வீண் என்போம். ஆயினும் ஈரத்துணி வாளியைச் சுமந்து படியேறுகிறவர் யார்? ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகளின் சீருடையைக் காயவைக்கப் பாடுபடுகிறவர் யார்?

துவைக்கும் இயந்திரம் துணியைக் கொடியில் போடாது. உலர்ந்ததை மடிக்கவும் செய்யாது. வேலை குறைந்தது என்று நாம் எண்ணும்போதே, மீந்த வேலை அதே கரங்களில்தான் தங்கிவிடுகிறது.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவர், துடைக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடவில்லை. அதையும் தாமே செய்தார்.

ஆகவே, எந்த இயந்திரம் என்பதைத் துவைக்கிறவரே தெரிந்துகொள்ளட்டும். அது வீட்டுக்கு வந்த நாள்முதல், காயப்போடுவதையும் மடிப்பதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவரும் காணாத அந்த ஊழியத்தைக் கர்த்தர் காண்கிறார். ஆமென்.