எழுதாமல் விட்ட ஒரு வரி

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு கணக்குப்பிள்ளை வரவை மட்டும் எழுதிவிட்டு பற்றை விட்டுவிட்டால், அந்தப் பேரேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கோர்ட்டில்? போலீசுக்குச் சாதகமானது மட்டும் மேஜைக்கு வருகிறது. அதை வைத்தே தீர்ப்பும் வந்துவிடுகிறது!

பேரறிவாளன் வழக்கையே பாருங்கள். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடா சட்டப்படி, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். 1998ல் தூக்குத் தண்டனை, 1999ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

2013ல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் வாய் திறந்தார். "பேட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியாது" என்ற பொருளில் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 22 வருடம் கழித்து! 2014ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18ல் அவர் விடுதலையானார். அதுவும் இந்த வரிக்காக அல்ல, கவர்னர் செய்த தாமதத்துக்காக.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மனோஜ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல விஷயம் சொன்னது: அரசுத் தரப்பு பயன்படுத்தாமல் ஒதுக்கிய வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும். ஆனால் 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவில் அந்தப் பட்டியல் இல்லை. அரசுத் தரப்பு விசாரிக்கப்போகும் சாட்சிகளின் வாக்குமூலத்துக்குத்தான் அங்கே இடம்.

அமெரிக்காவில் 1972ல் ஜிக்லியோ வழக்கு. 'உன்மேல் வழக்குப் போட மாட்டோம்' என்று ஒரு அரசு வக்கீல் முக்கிய சாட்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விசாரணை நடத்திய வக்கீலுக்கு அது தெரியாது. "தெரியாது என்பது சாக்கு ஆகாது" என்று கோர்ட் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இங்கேயும் அதுதான் வேண்டும்.

சாட்சிக்கு ஆபத்து வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்தான பகுதியை நீதிபதி பார்த்து மறைக்கட்டும், போலீஸ் அல்ல.

ஆனால் பட்டியல் மட்டும் போதாது. எழுதாத வரி எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் வாக்குமூலம் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்வது கட்டாயமாக வேண்டும். அரசு வக்கீலின் வேலை ஜெயிப்பது அல்ல, முழுக் கணக்கையும் காட்டுவது.