வலையில் சாகும் நீர்க்காகத்துக்கும் கணக்கு வேண்டும்

தேக்கடியில் படகேறியவர்களுக்கு அந்த மரங்களைத் தெரியும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து பள்ளத்தாக்கு மூழ்கியபோது நின்ற இடத்திலேயே பட்டுப்போனவை. அந்தக் கட்டைகளின் மேல் இன்றும் நீர்க்காகங்கள் இறக்கை விரித்து வெயில் காய்கின்றன, பாம்புத்தாராக்கள் கூடு கட்டுகின்றன. இரண்டுமே மூழ்கி மீன் பிடிப்பவை. அதே நீரில், அதே மீனுக்காக, மன்னான் பழங்குடியினர் விரிக்கும் வலையும் காத்திருக்கிறது.

செவுள் வலை தண்ணீருக்குள் சுவர் போல நிற்பது. நைலான் நரம்பு மீனின் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அதில் மீன் விழுகிறது. மீனைத் துரத்தி வரும் பறவைக்கும் அது தெரிவதில்லை. கழுத்தோ இறக்கையோ கண்ணியில் மாட்டிக்கொண்டால், மூச்சு விட மேலே வர வழியில்லாமல் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பாலக்காட்டின் மலம்புழா, வாளையாறு முதல் இடுக்கியின் மலை அணைகள் வரை, முக்குளிக்கும் பறவையும் செவுள் வலையும் எங்கே சேர்கின்றனவோ அங்கே இந்த ஆபத்து உண்டு.

கடலில் இதைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. செவுள் வலைகளில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் பறவைகள் சாவதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அல்பட்ராஸ் பறவைகளைக் காக்க, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் சூரை பிடிக்கும் நீள்தூண்டில் கப்பல்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. பறவை விரட்டும் நாடாக் கயிறு, இரவில் தூண்டில் இறக்குவது, கயிற்றில் எடை கட்டுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தென்னாப்பிரிக்காவின் இழுவலைக் கப்பல்கள் நாடாக் கயிறு கட்டத் தொடங்கியபின் அல்பட்ராஸ் சாவு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்தது. நடுக்கடல் பறவைக்குக் கிடைத்த இந்தக் கவனம் நம் அணைப் பறவைக்கு ஏன் கிடைக்கவில்லை?

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. முல்லைப் பெரியாறு அணைக்கான 1886-ஆம் ஆண்டு குத்தகையில் பெரியாற்று நீரோடு மீன்பிடி உரிமையும் சென்னை மாகாணத்துக்குப் போயிருந்தது. 1970-இல் தமிழகம் மீன் உரிமையைக் கேரளத்திடம் திருப்பிக் கொடுத்தது. தண்ணீருக்காக இரு மாநிலங்களும் எத்தனையோ ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறின. பறவைக்காக ஏற வேண்டியதில்லை. மீன் யாருக்கோ, வலையின் பொறுப்பும் அவர்களுக்கே. கேரள வனத்துறையும் மீன்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

உட்கார்ந்ததும் எளிய வழியைத் தேடி மீனவர்மேல் பாய்ந்துவிடக் கூடாது. மலம்புழாவில் வலை வீசுபவர்கள் பட்டியல் சாதி, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்தினர். தேக்கடியில் காட்டையே வீடாகக் கொண்டவர்கள். வலையில் செத்த பறவையைக் காட்டினால் வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும் என்ற பயம் இருந்தால், எவர் காட்டுவார்? பறவை சத்தமில்லாமல் தண்ணீருக்கே திரும்பிப் போகும். தற்செயலாகச் சிக்கியதைச் சொல்பவர்மேல் நடவடிக்கை இல்லை என்று முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். மீனின் எடையை எழுதும் ஏட்டில் பறவைக்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு என்று சொல்வது எளிது. நீர்க்காகம் பகலில் இரை தேடுவது. இருட்டிய பின் விரித்து, விடியுமுன் எடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் யானை நீர் குடிக்க இறங்கும் கரையில் இருட்டில் பரிசல் தள்ளு என்று யாரிடம் சொல்வது? அங்கே வலையைத்தான் மாற்ற வேண்டும். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டில், சால்மன் வலையின் மேல்பகுதியை மட்டும் கண்ணுக்குத் தெரியும் தடித்த நூலால் பின்னிப் பார்த்தார்கள். அதோடு வலை விடும் நேரத்தையும் பருவத்தையும் ஒழுங்குபடுத்தியபோது, மீன்வரவு பெரிதாகக் குறையாமலே பறவைச் சாவை முக்கால் பங்கு வரை குறைக்க முடியும் என்று 1999-இல் வெளியான முடிவுகள் காட்டின. நம் நீருக்கும் நம் மீனுக்கும் அது அப்படியே பொருந்திவிடாது, சோதித்தாக வேண்டும். இழுவலையில் கடலாமை தப்பிச் செல்லும் கருவியை வடிவமைத்த மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில்தான் இருக்கிறது. அந்தச் சோதனையை அது பெரியாற்றிலும் மலம்புழாவிலும், அங்கே வலை போடுபவர்களையே கூட வைத்துக்கொண்டு நடத்தட்டும். புது வலைக்கான செலவையும், சோதனைக் காலத்தில் குறையும் மீனுக்கான ஈட்டையும் அரசு தர வேண்டும்.

கிழிந்து கைவிடப்பட்ட வலைகளுக்குச் சோதனை எதுவும் தேவையில்லை. பட்ட மரக் கட்டைகளில் சிக்கிக் கிடக்கும் நரம்பு மக்குவதில்லை, மீனவர் மறந்த பின்னும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். கோடையில் நீர் வற்றிக் கட்டைகள் வெளியே தெரியும் வாரங்களில், அன்றாடக் கூலி கொடுத்து அந்த மீனவர்களைக் கொண்டே அவற்றை அறுத்தெடுக்கலாம். வரும் கோடையிலேயே தொடங்க வேண்டும்.