துடுப்பும் மைக்கும்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைப்பார்கள். அருட்தந்தை லாங் பதிவுசெய்த அந்த ஒலியை 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. எங்கே காது வைப்பது என்பதில்தான் வித்தை. வீட்டில் மின்கிற்றார் பதிகிற நம் பொடியன்களோ விலை கூடிய மைக்குக்குக் காசு சேர்க்கிறார்கள். வீண்! இருக்கிற மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலளவு விரலளவாக நகர்த்திப் பாருங்கள். கீச்சொலி அடங்கிக் கனம் கூடும். டிஸ்டோர்ஷனைக் குறையுங்கள், கூடினால் சுரமெல்லாம் சேறு. கிற்றாரை நேரே கணினியில் செருகுவோர் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் இலவச மென்பொருளைச் சேர்க்காவிட்டால் குளவி இரைச்சல்தான் மிஞ்சும். மின்விசிறியையும் நிறுத்துங்கள் (நுளம்பு கடிக்கட்டும்). உப்புக்காற்றில் கிற்றார்க் கம்பி சீக்கிரம் துருவேறும். முதலில் அதை மாற்றுங்கள்.