கோதாவில் வெற்றி, மேசையில் இழுபறி

2019 ஜூன் முதல் தேதி நியூயார்க் நகரில் ஆண்டி ரூயிஸ் என்பவர் ஆண்டனி ஜோஷுவாவை ஏழாவது சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் குத்துச் சண்டைப் பட்டத்தைப் பறித்துக் கொண்டார். வேறொருவருக்குப் பதிலாகச் சுமார் ஒரு மாத அவகாசத்தில் அழைக்கப்பட்ட மாற்று ஆள் அவர். அவருடைய வெற்றியை அன்றிரவே எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள். மறு நாள் வெளிவந்த விமர்சனங்களில் ஒரு பழைய பெயர் மீண்டும் மீண்டும் அடிபட்டது: ஜேம்ஸ் "பஸ்டர்" டக்ளஸ். 1990ல் டோக்கியோவில் மைக் டைசனைத் தரையில் வீழ்த்தியவர்.

ரூயிஸுக்குக் கிடைத்த உடனடி அங்கீகாரம் டக்ளஸுக்குக் கிடைக்கவில்லை. பத்துச் சுற்று அடித்தும் அடிபட்டும் வென்ற பட்டத்துக்காக அவர் கோதாவை விட்டு இறங்கிய பிறகும் காத்திருக்க வேண்டியதாயிற்று. டைசன் விழுந்த அதிசயத்தைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை அநேகமாக ஒரு வரியில் முடித்து விடுகிறார்கள். நமக்கு அந்த ஒரு வரிதான் விஷயம்.

யாரும் பணம் கட்டாத ஆள்

1990 பிப்ரவரி 11ந் தேதி, ஞாயிற்றுக் கிழமை. டோக்கியோ டோம் அரங்கில் நண்பகல் வேளையில் சண்டை. அமெரிக்கத் தொலைக்காட்சி நேயர்களுக்கு அது சனிக்கிழமை இரவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஜப்பானியரின் சௌகரியம் இரண்டாம் பட்சம்தான்.

டைசனுக்கு அப்போது வயது 23. 37 சண்டைகளில் ஒன்றில் கூடத் தோற்றதில்லை. 33 பேரை நாக்-அவுட் செய்தவர். 20 வயதிலேயே, 1986 நவம்பரில், டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் சாய்த்து மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் என்று பெயரெடுத்தார். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை அவர் முடித்துக் கட்டியது 91 விநாடிகளில். 1978ல் முகமது அலியைத் தோற்கடித்து உலகைத் திகைக்க வைத்த லியான் ஸ்பிங்ஸின் தம்பிதான் இந்த மைக்கேல். இதே டோக்கியோ டோமில் 1988 மார்ச்சில் டோனி டப்ஸ் இரண்டாவது சுற்றோடு சரி. ஆகவே டைசனை எதிர்த்து யார் ஜெயிப்பார் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை. எத்தனை நிமிடம் தாக்குப் பிடிப்பார் என்றுதான் கேட்டார்கள்.

டக்ளஸுக்கு 29 வயது. ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரைச் சேர்ந்தவர். தந்தை பில்லி டக்ளஸும் பழைய குத்துச் சண்டைக்காரர். மகனிடம் திறமை உண்டு, பிடிவாதம் இல்லை என்பது பொதுவான அபிப்பிராயம். 1987ல் காலியாக இருந்த ஒரு பட்டத்துக்காக டோனி டக்கருடன் மோதி, நன்றாக ஆடிக் கொண்டிருந்தவர் பத்தாவது சுற்றில் தளர்ந்து தோற்றதை அதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள். லாஸ் வேகாஸில் பெரும்பாலான பந்தயக் கூடங்கள் இந்தச் சண்டைக்குப் பந்தயமே எடுக்கவில்லை. எடுத்த மிராஜ் ஹோட்டலில் டக்ளஸின் விலை 42க்கு ஒன்று. அதாவது அவர் மீது ஒரு டாலர் கட்டி, அவர் ஜெயித்தால் 42 டாலர் லாபம்.

சண்டைக்கு 23 நாள் முன்பு டக்ளஸின் தாயார் லூலா பேர்ல் காலமானார். தம் மகன் டைசனை வெல்வான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்த அம்மாள். தாயாரைப் புதைத்துவிட்டு வந்த மகன் பயிற்சியை நிறுத்தவில்லை.

எதிர்த் தரப்பில் நிலைமை வேறு. டைசனை உருவாக்கியவர்களில் ஒருவரான பயிற்சியாளர் கெவின் ரூனி 1988லேயே விலக்கப்பட்டு விட்டார். புதிதாக வந்தவர்கள் எவ்வளவு தயாராக வந்தார்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும். கண் வீங்கினால் வைத்து அழுத்துவதற்குக் குளிர்ந்த உலோகக் கட்டி ஒன்றைச் சண்டைக்காரர்களின் உதவியாளர்கள் எப்போதும் கையோடு கொண்டு வருவார்கள். டைசனின் இடது கண் வீங்கியபோது அவருடைய ஆட்களிடம் அது இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த நீரை நிரப்பி ஒத்தடம் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்! கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் இந்தக் கதி.

எட்டாவது சுற்று

முதல் சுற்றிலிருந்தே டக்ளஸ் தம் நீண்ட இடது கையால் டைசனைத் தூரத்திலேயே நிறுத்தி அடித்தார். டைசன் 5 அடி 10 அங்குலம். டக்ளஸ் அவரைவிட அரை அடி உயரம், கை நீளமும் அதற்கு ஏற்றபடி. உள்ளே நுழைந்து அடித்தால்தான் டைசனுக்குப் பிழைப்பு. நுழைய வழி கிடைக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று அவர் மெதுவானார்.

எட்டாவது சுற்று முடியும் தறுவாயில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. டைசன் கீழிருந்து வலது கையால் மோவாயில் விட்ட குத்தில் டக்ளஸ் மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் ஆத்திரத்தோடு கை முஷ்டியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். நினைவு தப்பிய ஆள் செய்கிற காரியம் அல்ல அது. ரெபரி ஒன்பது எண்ணும்போது எழுந்து நின்றார். மணி அடித்தது. ஒன்பதாவது சுற்றில் மீண்டும் டக்ளஸின் கையே ஓங்கியது. பத்தாவதில் கீழிருந்து ஒரு குத்து, அதைத் தொடர்ந்து நான்கு குத்துகள். வாழ்க்கையில் முதல் முறையாக டைசன் கீழே விழுந்தார். தெறித்து விழுந்த பல்லுறையைத் தவழ்ந்து தேடி எடுத்து, கோணலாக வாயில் கவ்விக் கொண்டு எழ முயன்றார். முடியவில்லை.

இனி மேசைக்கு வருவோம்.

விழுந்தவருக்குப் பத்து எண்ணும் முறையை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். கோதாவுக்கு வெளியே நேரக் கணக்கர் ஒருவர் கடிகாரத்துடன் உட்கார்ந்திருப்பார். ஒருவர் விழுந்த கணத்திலிருந்து அவர் எண்ணத் தொடங்குவார். உள்ளே இருக்கும் ரெபரி, அடித்தவரை நடுநிலை மூலைக்கு அனுப்பிவிட்டு, நேரக் கணக்கரின் எண்ணிக்கையைப் பிடித்துக் கொண்டு விழுந்தவரின் காதில் விழும்படி எண்ண வேண்டும். எட்டாவது சுற்றில் மெக்ஸிகோக்காரரான ரெபரி ஆக்டேவியோ மெய்ரான் அப்படிச் செய்யாமல், தம் போக்கில் "ஒன்று" என்று தொடங்கி விட்டார். கணக்கர் அதற்குள் சில எண்களைத் தாண்டியிருந்தார். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள், டக்ளஸ் 13 விநாடிக்குக் குறையாமல் தரையில் இருந்தார் என்று கணக்குச் சொன்னார்கள்.

டைசனின் அமைப்பாளர் டான் கிங் இதைப் பிடித்துக் கொண்டார். எட்டாவது சுற்றிலேயே டக்ளஸ் தோற்று விட்டார். ஆகவே பத்தாவது சுற்று என்ற ஒன்று நடந்திருக்கவே கூடாது என்பது அவர் வாதம். சில மணி நேரத்தில் பத்திரிகையாளர் கூட்டம் கூட்டப்பட்டது. உலகக் குத்துச் சண்டைக் கவுன்சிலின் தலைவர் ஜோஸ் சுலைமானும், உலகக் குத்துச் சண்டைச் சங்கத்தின் தலைவர் கில்பர்ட்டோ மெண்டோசாவும் முடிவை அங்கீகரிக்காமல் நிறுத்தி வைத்தார்கள். ரெபரியும் தாம் தவறு செய்து விட்டதாக ஒப்புக் கொண்டார். டைசனிடம் இருந்தவை மூன்று அமைப்புகளின் பட்டங்கள். அவற்றில் சர்வதேசக் குத்துச் சண்டைச் சம்மேளனம் ஒன்றுதான், கோதாவில் நடந்ததே முடிவு என்று தயங்காமல் சொன்னது.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த பிறகும் உத்தரவு கைக்கு வராமல் மாதக் கணக்கில் வாசற்படி ஏறி இறங்கியவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். டக்ளஸின் நிலையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புகாரில் நியாயம் உண்டா?

டைசன் தரப்பின் புகாரை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எண்ணிக்கை தாமதமானது உண்மை. ஆனால் அதன் பலனை யார் தலையில் கட்டுவது என்பதல்லவா கேள்வி? தரையில் கிடப்பவருக்குக் கடிகாரம் தெரியாது; கணக்கர் கையை அவர் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. அவருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று, ரெபரியின் குரல். பத்துக்குள் எழ வேண்டும் என்பது விதி. ரெபரியின் ஒன்பதில் டக்ளஸ் எழுந்தார். "ஆறு" என்று காதில் விழும்போது எழுந்து ஓட வேண்டிய அவசியம் எந்தச் சண்டைக்காரருக்கும் இல்லை. கிடைத்த விநாடிகளில் மூச்சு வாங்கிக் கொள்வதுதான் அநுபவசாலிகளின் வழக்கம். ரெபரி வேகமாக எண்ணியிருந்தால் இவரும் வேகமாக எழுந்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தரையைத் தட்டிய அந்த முஷ்டி அதைத்தான் காட்டுகிறது.

முன் உதாரணமும் இருந்தது. 1927 செப்டம்பரில் சிகாகோவில் ஜீன் டன்னி, ஜாக் டெம்ப்ஸி இருவரும் மோதியபோது, ஏழாவது சுற்றில் டன்னி விழுந்தார். டெம்ப்ஸி நடுநிலை மூலைக்குப் போகத் தாமதித்ததால் ரெபரியும் எண்ணத் தாமதித்தார். டன்னி சுமார் 14 விநாடி தரையில் இருந்து விட்டு எழுந்து, கடைசியில் வென்றார். தர்க்கம் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் முடிவை யாரும் மாற்றவில்லை. அன்று தவறு டெம்ப்ஸியுடையது என்றாவது சொல்லலாம். டோக்கியோவில் தவறு டைசனுடையதும் அல்ல, டக்ளஸுடையதும் அல்ல, அதிகாரியுடையது. அதற்குச் சண்டைக்காரரின் பட்டத்தைப் பிடித்து வைப்பது என்ன முறை?

இன்னொரு விவரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்பது சுற்று முடிந்திருந்த நிலையில் மூன்று நீதிபதிகளின் அட்டைகள் பின்னர் வெளிவந்தன. ஒருவர் டக்ளஸுக்கு ஆறு புள்ளி அதிகம் கொடுத்திருந்தார். இன்னொருவர் இருவரும் சமம் என்றிருந்தார். மூன்றாமவரோ டைசன் ஒரு புள்ளி முன்னால் இருப்பதாகப் போட்டிருந்தார்! ஒரு கண் மூடிப் போன நிலையில், அடி வாங்கியே களைத்திருந்த டைசன்! எட்டாவது சுற்றில் டக்ளஸ் விழுந்ததற்கு டைசனுக்கு உரிய புள்ளிகளைக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு நமக்குப் புரியவில்லை. அந்த அட்டைகள் போன போக்கில் போயிருந்தால், 12 சுற்றும் நின்று ஆடியிருந்தாலும் பட்டம் டக்ளஸ் கைக்கு வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஏன் இந்தப் பாடு? சாம்பியன் என்ற பெயரின் பின்னால் ஒரு முழு வியாபாரம் நின்றது. டோக்கியோவில் டைசனுக்குக் கூலி 60 லட்சம் டாலர். டக்ளஸுக்கு 13 லட்சம். அடுத்து ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் டைசன் ஈவாண்டர் ஹோலிபீல்டுடன் மோதுவதாக ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தது. ஹோலிபீல்டே அன்று டோக்கியோவில் கோதா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 42க்கு ஒன்று என்று மதிக்கப்பட்ட ஆள் குறுக்கே வந்தது இந்தக் கணக்கு எதிலும் இல்லை. இதில் விந்தை என்னவென்றால், டக்ளஸுடனும் டான் கிங்குக்கு ஒப்பந்தம் இருந்தது. தம் இரு ஆட்களில் ஒருவர் வென்றதை அவரே ஏற்க மறுத்தார் என்று ஆகிறது.

இழுபறி நீடிக்கவில்லை. பத்திரிகைகள் ஒரே குரலில் கண்டித்தன. சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு எந்த விதிப் புத்தகமும் தேவைப்படவில்லை. அமெரிக்க மாநில ஆணையங்கள் சில டக்ளஸ் பக்கம் நின்றன. சில நாட்களிலேயே சுலைமானும் மெண்டோசாவும் பின் வாங்கினார்கள். டைசனும் அமெரிக்கா திரும்பியதும், தமக்கு வேண்டியது மறு சண்டை மட்டுமே என்று சொல்லி ஒதுங்கிக் கொண்டார். மூன்று பட்டங்களும் டக்ளஸுக்கே என்று ஆயிற்று. மக்கள் கண்ணெதிரே நடந்ததால் தப்பியது என்றே சொல்ல வேண்டும். டக்ளஸ் புள்ளிக் கணக்கில் வென்று, அதன் மேல் இந்தப் புகாரும் வந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்குமோ!

அதன் பிறகு டக்ளஸ் டான் கிங்கை விட்டு விலக வழக்காடினார். அதுவும் சமரசத்தில் முடிந்தது. டைசனுடன் மறு சண்டைக்கு அவர் உடன்படவில்லை. அவருக்கு 42க்கு ஒன்று என்று விலை போட்ட அதே மிராஜ் ஹோட்டல் இப்போது சுமார் 240 லட்சம் டாலர் கொடுத்து ஹோலிபீல்டுடன் மோத வைத்தது. 1990 அக்டோபர் 25ந் தேதி டக்ளஸ் 246 பவுண்டு எடையுடன் கோதா ஏறினார். டோக்கியோவில் இருந்ததைவிட 14 பவுண்டுக்கு மேல் அதிகம். மூன்றாவது சுற்றில் ஹோலிபீல்டின் வலது கைக் குத்து ஒன்றில் சாய்ந்தார். ரெபரி மில்ஸ் லேன் பத்து எண்ணி முடிக்கும் வரை எழவில்லை. முயன்றிருந்தால் எழுந்திருக்கலாம் என்று சிலர் குறை சொன்னார்கள். எண்ணிக்கை பற்றி அன்று யாரும் புகார் செய்யவில்லை.

டைசனும் டக்ளஸும் அதன் பின் ஒருபோதும் மோதவில்லை.